லாட்டு என்ற சொல் வந்த வழி

எனக்கு வயது எழுபத்தொன்று. நான்கு பேரை வளர்த்தேன். இரண்டு நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. நான்கு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அதைப் பெருமையாகவே சொல்வேன், அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. எழுத்தும் அவ்வளவாக வராது. என் பெயர், என் ஊர், பஸ்ஸில் போட்டிருக்கும் போர்டு, கம்பெனியில் கெட்ட சரக்குக்குக் கட்டும் சிவப்பு அட்டையில் இருக்கும் நாலு வார்த்தை, அவ்வளவுதான் படிப்பேன். இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது.

நீங்கள் பரிசோதனை மேசைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் லைன் லீடர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை கற்றவள். போன வாரம் வீட்டுக்கு வந்து, "அக்கா, புதுப் பொண்ணுங்களுக்கு நீ ஏதாவது சொல்லிக் குடேன்" என்று கேட்டாள். ரப்பர்க் கப்பை எப்படி நெளிப்பது, எந்த விளக்கின் கீழ் பிடிப்பது, அதையெல்லாம் அவளே சொல்லித் தருவாள், என்னைவிட நன்றாக. நான் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தச் சொல்லை நீங்கள் உள்ளே கால் வைத்த அன்றே கேட்டிருப்பீர்கள். லாட்டு. "இந்த லாட்டு ஓகே." "அந்த லாட்டை நிறுத்து." ஒரே பிரஸ்ஸில், ஒரே ஷிப்டில், ஒரே ரப்பர்க் கலவையில் வந்த கப்புகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு லாட்டு. நான் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது ரோடு இன்னும் அகலமாகவில்லை. கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மேசையில் பாதிப் பேர் என்னைப்போல உள்ளூர்ப் பெண்கள், பாதிப் பேர் தெற்கேயிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்த சின்னப் பெண்கள். லாட்டு என்ற சொல் எனக்குப் புதிதாகவே படவில்லை. லாட்டரி தெரியாத வீடு உண்டா? சைக்கிளில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சீட்டு விற்ற காலத்தில் என் வீட்டுக்காரர் வாங்காத நாள் கிடையாது. ஒன்றும் விழுந்ததில்லை.

மேசைக்கு இன்சார்ஜாக இருந்தவன் விருதுநகர்ப் பக்கத்துப் பையன். முப்பது வயதுகூட ஆகவில்லை, என் பெரிய மகனைவிடச் சின்னவன். பெயர் வேண்டாம். இப்போது வேறு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறான், போட்டால் கூச்சப்படுவான். அவனிடம் ஒருநாள் டீ நேரத்தில் கேட்டேன்.

"ஏன் தம்பி, லாட்டரிக்கும் லாட்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

"அக்கா தங்கச்சிம்மா" என்றான். "ஒரே வீட்டுல பிறந்ததுக. அக்கா கெட்டுப்போயிட்டா, தங்கச்சி கம்பெனி வேலைக்கு வந்துட்டா."

விளையாட்டாகச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். அவன் சொன்னது நிஜம் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலைந்து வருஷமும், ஒரு பெண்ணின் வேலையும் ஆயிற்று.

முதலில் எடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாட்டு முழுவதையும் பார்க்க ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. அதனால் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறோம். எடுத்தது நல்லதாக இருந்தால் லாட்டு போகும். நம்முடைய கப்பு பிரேக்குக்குள் போய் உட்கார்ந்து ஆயிலைத் தடுத்து நிறுத்துகிற கப்பு. அதனால் எடுத்ததில் ஒன்றே ஒன்று கெட்டதாக வந்தாலும் லாட்டு முழுக்க நிற்கும். இது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் சேர்ந்த புதிதில் அந்தத் தம்பி ஒரு தொட்டியைக் கொண்டுவந்து வைத்து, "எடுங்கம்மா" என்றான். எடுத்தேன். எல்லாம் நல்ல பீஸ். "இந்த லாட்டு போகலாமா?" என்றான். "தாராளமா" என்றேன். தொட்டியை அப்படியே மேசையில் கவிழ்த்தான். அடியில் பாதிக்குப் பாதி கெட்டது. தக்காளிக் கடைக்காரன் அடுக்குவது மாதிரி மேலே நல்லதை அடுக்கி வைத்திருக்கிறான், படுபாவி.

"நீங்க எடுக்கலம்மா" என்றான். "உங்க கண்ணு எடுத்துச்சு. கண்ணு பளபளன்னு இருக்கதைத்தான் எடுக்கும். இனிமே எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கோங்க. கை அடி வரைக்கும் போகட்டும், ஓரத்துக்குப் போகட்டும், நடுவுல போகட்டும். கைக்கு எது வருதோ அதுதான்."

அன்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எடுத்தேன். சிரிக்காதவர்கள் இல்லை. "இன்னாக்கா, தொட்டியோட சண்டையா?" என்பார்கள். "ஆமாண்டி, பேச்சு வார்த்தை கெடையாது" என்பேன். கொஞ்ச நாளில் மேசை முழுக்க அப்படித்தான் எடுத்தது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வரிசையாகப் பெண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு தொட்டிக்குள் கையைவிட்டுத் துழாவுவது வேடிக்கையாக இருந்திருக்கும்.

எனக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. கோயிலில் சீட்டு எடுப்பது போலவே இருந்தது.

என் மாமனார் இறந்தபின் நிலத்தைப் பிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் இரண்டே பங்கு. ஒன்று கிணற்றடி நிலம், இன்னொன்று மேட்டு நிலம். மேட்டில் கொள்ளு போட்டால் வரும், சில வருஷம் அதுவும் வராது. சண்டை வேண்டாம் என்று எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் திருவுளச் சீட்டுப் போட்டார்கள். ஐயர் இரண்டு சீட்டை மடித்துச் சாமி காலடியில் வைத்து, பூவைப் போட்டு, தரிசனத்துக்கு வந்த யார் வீட்டுக் குழந்தையையோ கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அண்ணனுக்கு மேட்டு நிலம் விழுந்தது. அவர் உடனே, "கொழந்த பாத்து எடுத்துச்சு, இது செல்லாது" என்றார். அந்தக் குழந்தைக்கு எழுத்தே தெரியாது. ஆனாலும் பெரிய மனிதர்கள், அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் எதற்கு, இன்னொரு தரம் குலுக்கினால் போகிறது என்றார்கள். குலுக்கினார்கள். இந்தத் தடவை மேட்டு நிலம் எங்களுக்கு விழுந்தது. "இப்ப செல்லும்" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர், "சாமி குடுத்தது" என்றார்.

"மொதல்ல குடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

அவர் வேகமாக முன்னால் நடந்தார். நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அந்த மேட்டில் மழையில்லாமல் கருகி நின்ற ஒவ்வொரு பயிரும் என்னிடம் அதைக் கேட்டது. இரண்டாவது குலுக்கலில் மேட்டு நிலம் காணாமல் போய்விடுவதில்லை. முதலில் விழுந்தவன் தலையிலிருந்து எடுத்து, அங்கே வாய் திறக்காமல் நிற்கிறவன் தலையில் வைக்கிறார்கள். இப்போது கிணற்றடியும் மேடும் இரண்டுமே கம்பெனிக் காம்பவுண்டுக்குள் போய்விட்டன. சுவர் ஒன்றுதான் தெரிகிறது. அது வேறு கதை.

இனி முத்துலட்சுமி கதைக்கு வருகிறேன்.

முத்து சங்கரன்கோயில் பக்கத்துப் பெண். பிரஸ்ஸில் பயிற்சியாக இருந்தாள். அச்சிலிருந்து சூடாக வரும் கப்பைப் பித்தளைக் குச்சியால் நெம்பி எடுக்கிற வேலை. அவசரப்பட்டு இழுத்தால் கப்பின் உதடு விரிசல் விடும். கண்ணுக்கே தெரியாது, முடி கனம்தான் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். வந்த அன்றே என்னை "ஆச்சி" என்று கூப்பிட்டாள்.

"யாருடி ஆச்சி? எனக்கு இன்னும் தலகூட முழுசா நரைக்கல."

"எங்க ஊர்ல மரியாதைக்கு அப்படித்தான் சொல்லுவோம் ஆச்சி."

"உங்க ஊரு மரியாதையே வயசைக் கூட்டுது பாரு" என்றேன். ஆனால் பிடித்திருந்தது. என் மோர் மிளகாயைக் கேட்காமலே எடுத்துக்கொள்வாள். வேலை நிரந்தரமாகிற லெட்டர் வந்தால் இங்கேயே இருக்கலாம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். வராவிட்டால் ஊருக்குத் திரும்பிப் பீடி சுற்ற வேண்டும். "பீடித் தட்டை மடியில வச்சா குனிஞ்ச தலை நிமிராது ஆச்சி. எங்க அம்மைக்கு முதுகே கூனிப்போச்சு. இங்கன நின்னுகிட்டு வேலை பாக்கதே எனக்குப் பெருசு" என்பாள். பயிற்சி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. பயிற்சியில் இருப்பவர்களுக்கு அப்போது ஒரு விதி இருந்தது. அவர்கள் பிரஸ்ஸில் வந்த லாட்டு சிவப்பு அட்டை வாங்கினால் லெட்டர் கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்று சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் முத்துவின் பிரஸ்ஸிலிருந்து லாட்டு வந்தது. வாங்குகிற கம்பெனியில் கப்பு தீர்ந்துகொண்டிருந்தது. இது போய்ச் சேராவிட்டால் அங்கே வண்டி செய்கிற லைனே நிற்கும். லாரி கேட்டில் இஞ்சினை நிறுத்தாமல் நின்றது. மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து அவரை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தேன். ஒவ்வொன்றாக நெளித்துப் பார்த்தேன். ஒரு கப்பில் நகம் தட்டியது. வெளிச்சத்தில் பிடித்தேன். உதட்டில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். இன்சார்ஜ் தம்பியிடம் நீட்டினேன். அவன் நெளித்தான், திருப்பி நெளித்தான்.

"ஆமாம்மா" என்றான்.

கெட்ட பீஸ் மறுபடி நல்லதோடு கலக்கக்கூடாது என்பதால் உடனே வெட்டிவிட வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து இரண்டாக வெட்டினேன். மேனேஜர் போனைக் கையால் மூடிக்கொண்டு வந்தார்.

"எத்தனை?"

"ஒண்ணு சார்."

"ஒண்ணுதானே? அதைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொரு வாட்டி எடும்மா."

"எடுத்தாச்சு சார்."

"அதான் சொல்றேன், திருப்பி எடு."

"எடுக்கறேன். நல்லது வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"அனுப்பிடுவோம்."

"கெட்டது வந்தா?"

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"மூணாவது வாட்டி எடுக்கச் சொல்லுவீங்க. நல்லது வர்ற வரைக்கும் எடுக்கறதுன்னா இன்னாத்துக்கு சார் நான் எடுத்துகினு கீறேன்? அப்படியே வண்டியில ஏத்திடலாமே."

லோடிங்கில் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜர் முகம் சிவந்தது. "லைன் நின்னா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியுமா? நீ பாட்டுக்குப் பேசிகினு இருக்க" என்றார். இன்சார்ஜ் தம்பி மட்டும் மெதுவாக, "சார், பிரேக்குல போற பீஸ்" என்றான்.

அதற்குள் பிரஸ்ஸுக்குச் சேதி போய்விட்டது. முத்து ஓடிவந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்தாள். பீஸ் எடுத்த கையை.

"ஆச்சி, இன்னொருக்கா எடுங்க ஆச்சி. ஒரே ஒருக்கா. நான் இழுக்கல ஆச்சி, சத்தியமா இழுக்கல."

அவள் கையுறை இன்னும் சூடாக இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மேனேஜர் சொல்லித்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஒருவரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். தொட்டி முன்னால்தான் இருக்கிறது. கையை விட்டால் முடிந்தது.

எனக்கு அப்போது கோயில்தான் கண்ணில் நின்றது. இன்னொரு தரம் குலுக்கினால் இந்தப் பெண்ணின் தலையிலிருந்து இறங்கும், நிஜம்தான். இறங்கி யார் தலைக்குப் போகும்? அவன் இங்கே இல்லை. வாய் திறந்து கேட்க அவனால் முடியாது. எங்கோ ஒரு ரோட்டில் பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் போய்க்கொண்டிருப்பான். அன்று கோயிலில் நாங்கள் நின்ற இடத்தில் அவன் நிற்கிறான்.

"எடுக்க மாட்டேன்டி" என்றேன். சிவப்பு அட்டையை எடுத்துத் தொட்டியில் கட்டினேன். முடிச்சு ஒரே தடவையில் விழவில்லை.

லாரி காலியாகப் போயிற்று. மேசைப் பெண்கள் எல்லோரையும் உட்காரவைத்து லாட்டு முழுவதையும் ஒன்று விடாமல் பார்க்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு முறை வைத்துப் போய்வந்தோம். ஷிப்டு முடிந்தும் நாங்கள் எழவில்லை, அடுத்த ஷிப்டுப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். இன்னொன்று கிடைக்கும், கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்துப் பதினைந்து கெட்டது இருந்தால் என் கை செய்தது சரி என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். கடைசித் தொட்டியும் காலியாயிற்று. இன்சார்ஜ் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வேற இல்லம்மா. அந்த ஒண்ணுதான்."

அத்தனை ஆயிரத்தில் ஒன்றே ஒன்று. அது என் கைக்கு வந்திருக்கிறது.

"அது என் கைக்கே வந்துச்சே, இதுக்குப் பேரு இன்னா தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா" என்றான்.

மறுநாள் முத்துவை நிறுத்திவிட்டார்கள். நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அந்த அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

"சார், லாட்டு முழுக்கப் பாத்தாச்சு. ஒண்ணுதான் கெட்டது. இழுத்து எடுக்கிற கையா இருந்தா ஒண்ணோட நிக்குமா? அந்தப் பொண்ணைப் போவச் சொல்லாதீங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நேத்து நீதானம்மா ரூல் பேசின? விழுந்தது விழுந்ததுதான், ரெண்டாவது வாட்டி கெடையாதுன்ன. நான் கேட்டேன், நீ குடுக்கல. இன்னிக்கு நானும் ரூல் பேசறேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்னது தப்பு என்று தெரிந்தது, எங்கே தப்பு என்று தெரியவில்லை. வெளியே வந்துவிட்டேன். முத்து கேட்டில் பையோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

லைன் நின்றதால் அடுத்த மாதம் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு ஜப்பான்காரர் வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண், சென்னையில் ஜப்பான் பாஷை படித்தவள், சுடிதாரும் பெரிய ஷூவுமாக. அவர் தொட்டிகளைக் காட்டிக் காட்டி "ரொத்தோ, ரொத்தோ" என்றார். லோடிங்கில் இருந்த பீகார்ப் பையன்கள், "சாப்புக்கு ரொட்டி வேணுமாம்" என்று சிரித்தார்கள். "ரொட்டி இல்ல, லாட்டு. அவங்க வாயில அப்படித்தான் வரும்" என்றாள் அந்தப் பெண்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுப்பதை அவர் நின்று பார்த்தார். ஏன் என்று கேட்டார். கோயில் சீட்டு மாதிரி என்று சொன்னேன். அவளுக்கு அதை ஜப்பான் பாஷையில் சொல்ல நேரம் பிடித்தது. சொல்லி முடித்ததும் அவர் தலையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அவரோட தாத்தா ஊர்லயும் நிலத்தைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பாங்களாம்மா" என்றாள். "அதுக்கு அவங்க பேரு குஜி. லாட்டுன்ற சொல்லு அவங்களோடது இல்ல, ஃபேக்டரி வந்தப்ப இங்கிலீஷ்ல இருந்து வந்தது." அப்புறம் அவளாகவே சொன்னாள், அவளுக்கு இதிலெல்லாம் ஆசை போலிருக்கிறது. "இங்கிலீஷ்லயும் அது ரொம்பப் பழைய சொல்லும்மா. அந்தக் குளிர் நாட்டுல ஆளுக்கொரு மரத்துண்டுல குறி போட்டு, ஒண்ணா வெச்சுக் குலுக்குவாங்க. அந்தத் துண்டுக்குத்தான் லாட்டுன்னு பேரு. எது விழுதோ அவனுக்கு நிலம். அப்புறம் விழுந்த நிலத்துக்கே லாட்டுன்னு பேராச்சு. அப்புறம் ஒருத்தன் பங்குக்கு விழுந்த சரக்குக்கு. அப்புறம் மொத்தமாக் கெடக்கிற எந்தச் சரக்குக்கும். நம்ம தொட்டி வரைக்கும் வந்துடுச்சு."

"அப்ப லாட்டரி?"

"அதுவும் அதே வேர்தான். அது இத்தாலிப் பக்கம் சுத்திட்டு வந்தது."

அக்காவும் தங்கச்சியும். விருதுநகர்த் தம்பி அப்போது சிரிக்கவில்லை, தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் யோசித்தேன். கடல் தாண்டி எங்கேயோ ஒருத்தன் மரத்துண்டைக் குலுக்கி நிலம் பிரித்திருக்கிறான். இந்த ஜப்பான்காரர் தாத்தா குலுக்கியிருக்கிறார். எங்கள் பெருமாள் கோயிலில் குலுக்கினார்கள். குலுக்கினது மூன்று இடத்திலும் நிலத்துக்குத்தான். அந்தச் சொல் மட்டும் ஊர் ஊராகச் சுற்றி, நிலத்தை விட்டு இறங்கி, கம்பெனி வாசல் வழியாக என் மேசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. நிலம் போனபிறகு நான் வந்தது மாதிரி.

"அவரை ஒண்ணு கேளு பாப்பா" என்றேன். "அவங்க ஊர்ல கெட்ட நெலம் விழுந்தவன் இன்னா பண்ணுவான்? திருப்பிக் குலுக்கச் சொல்லுவானா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அப்பவே திருப்பிக் குலுக்கறது கெடையாதாம். ஆனா ஆத்துல வெள்ளம் வந்து நிலம் மாறிக்கிட்டே இருக்குமாம். அதனால சில வருஷத்துக்கு ஒரு தரம் எல்லாரோட நிலத்தையும் ஒண்ணா வெச்சுப் புதுசாக் குலுக்குவாங்களாம். ஒருத்தனுக்குக் கெட்டது விழுந்தா ஆயுசுக்கும் அவனுக்கு அதுதான்னு விடமாட்டாங்களாம்."

என் அம்மா ஊர் மணிமங்கலத்தில் ஏரித் தண்ணீர் முறையும் அப்படித்தான் வருஷா வருஷம் சீட்டில் மாறும். நான் பார்த்திருக்கிறேன். மேனேஜர் அறையில் எனக்கு வராத பதிலில் பாதி அங்கே கிடைத்தது. தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒருத்தன் குலுக்கச் சொல்வது வேறு. எல்லோருக்குமாகச் சேர்ந்து அடுத்த முறை குலுக்குவது வேறு. முத்துவுக்கு அடுத்த முறை என்று ஒன்று கொடுத்திருக்க வேண்டும்.

மீதிப் பாதி கிடைக்க இன்னும் சில வருஷம் ஆயிற்று. வேலையை விட்டு நிற்கிற சமயம் அது. என் நாத்தனார் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சாயந்திரம், கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து பெண்களை இறக்கிக்கொண்டிருந்தன. டீக்கடைக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ஆச்சி!"

முத்துதான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள். கழுத்தில் வேறு கம்பெனி அட்டை. எனக்கும் ஒரு டீ சொன்னாள். அன்று ஊருக்குப் போகவில்லையாம். லெட்டர் வரத் தாமதமாகிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ரூம்காரப் பெண்களோடு ஒட்டிக்கொண்டிருந்து, இங்கே ஆள் எடுத்தபோது வரிசையில் நின்றிருக்கிறாள். இப்போது அவளும் பரிசோதனையில்தான் இருக்கிறாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் ஆச்சி" என்றாள்.

"இருக்கட்டும்."

"இன்னும் போகல."

"இருக்கட்டும்டி. வெச்சுக்கோ."

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. அப்புறம், "போன வாரம் எங்க லைன்ல ஒரு பிள்ளைக்கு லாட்டு நின்னுச்சு" என்றாள். "நான்தான் எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் எடுத்தேன், நீங்க எடுப்பீங்கள்ல, அப்படி. கெட்டது வந்துச்சு. நிறுத்திட்டேன். அந்தப் பிள்ளையை அனுப்பப்போறோம்னு சொன்னாவ. நான் போய் அவ மெசின் பக்கத்துல ஒரு ஷிப்டு முழுக்க நின்னேன் ஆச்சி. அவ கையையே பாத்துக்கிட்டு நின்னேன். சரியாத்தான் எடுக்கா. கை மேல குத்தமில்லன்னு சாரு கிட்டச் சொன்னேன். இருக்கா இப்பவும்."

மீதிப் பாதி அதுதான். அன்று முத்துவின் பிரஸ் பக்கத்தில் போய் நின்று அவள் கையைப் பார்த்தவர் எங்களில் ஒருவரும் கிடையாது. மேனேஜர் இல்லை, இன்சார்ஜ் இல்லை. ஒரு பீஸைப் பார்த்தோம், ஆயிரம் பீஸைப் பார்த்தோம். எங்கள் ஊர் பஸ் வந்தது. அவள் என்னை ஏற்றிவிட்டாள். கையசைத்தாளா என்று கேட்காதீர்கள், ஒரே கூட்டம், தெரியவில்லை.

அதனால் பெண்களே, நான் சொல்வது இதுதான். தொட்டியில் கைவிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கெட்டது விழுந்தால் நிறுத்துங்கள், யார் கையைப் பிடித்தாலும் சரி. ஆனால் அந்த லாட்டைச் செய்த ஆள் விஷயம் வரும்போது, திருப்பின முகத்தை இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள். எழுந்து போய் அவள் பக்கத்தில் நில்லுங்கள். குலுக்கிப் போட்டுப் பார்ப்பது சரக்குக்குத்தான் சரி. ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தப் பழைய சொல் எத்தனையோ தூரம் நடந்து நம் மேசைக்கு வந்திருக்கிறது. மேசையோடு அது நிற்கட்டும், மனிதர்கள்மேல் ஏற விடாதீர்கள்.

என் பேத்தி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். "ஆயா, படிக்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும். அந்த அக்காவுக்கு வேலை போகலன்னு மாத்தி எழுதிடட்டா? மேனேஜர் மனசு மாறிட்டாருன்னு?" என்கிறாள்.

வேணாம் கண்ணு. எப்படி விழுந்துச்சோ அப்படியே இருக்கட்டும். இதையும் எழுதிக்கோ. எழுதிட்டியா? சரி, மொதல்லேர்ந்து படி, கேக்கறேன்.